கணக்கு வராத சாதி

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சோமனூரில் எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா மகள், ஏழாம் வகுப்பு, நோட்டை நீட்டினாள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தாள். மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டிவிட்டாள். ‘ஏங்கண்ணு, அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையை விடக் கொறைஞ்சு போகுமா?’ என்று கேட்டேன். நோட்டைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ‘எனக்குக் கணக்கு வராதுங்க மாமா’ என்றாள்.

இந்த வாக்கியத்தை அவள் கண்டுபிடிக்கவில்லை. இவளுடைய அம்மாவுக்குச் சொல்லப்பட்டது. எனக்குச் சொல்லப்பட்டது. எங்கள் அப்பனுக்கு யாரும் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை. எங்களுக்குச் சொன்னவர்கள் ‘உங்க சாதிக்குக் கணக்கெல்லாம் வராதுடா’ என்று சாதியைச் சேர்த்துச் சொன்னார்கள். இப்போது அந்தச் சொல்லை வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை. சொல்லவேண்டியதில்லை என்கிற அளவுக்கு அது பிள்ளையின் வாய்க்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

கவிதை எழுதுகிறவன் பின்னத்தைப் பற்றி எழுதுவானா என்று தோழர்கள் சிரிக்கலாம். நான் வங்கியில் குமாஸ்தா. பகல் முழுக்க எண்களோடு கிடக்கிறவன். எந்த மக்கள் பின்னம் தெரியாமல் எவ்வளவு இழக்கிறார்கள் என்பதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் பார்க்கிறவன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அருந்ததியர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். நாலாம் வகுப்பில் டீச்சர் ஒரு கொய்யாப்பழத்தை நாலாக அறுத்து, ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி, ‘இதுக்கு என்ன பேரு?’ என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு ‘பாவு’ என்றேன். தெலுங்கில் காலுக்கு அதுதான் பெயர். அரை என்றால் அர. முக்கால் என்றால் முப்பாவு. எங்க ஆயா சொல்லிக் கேட்டது. ஆனால் சோமனூரில் பாவு என்றால் தறியில் ஓடுகிற நீள நூல். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ‘தறிக்குப் போற பயலுக்குப் பாவுதான் ஞாபகம் வரும்’ என்றார் டீச்சர். பிறகு யாரோ ‘கால்’ என்று சரியான விடையைச் சொன்னார்கள்.

என் விடையும் சரிதான். அது எனக்குத் தெரிவதற்கு இருபது வருசம் ஆயிற்று. அதுவரைக்கும் பின்னம் என்றாலே உடம்பு கூசும்.

பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில், ஒரு கணக்கைப் போடச் சொல்லி ஆசிரியர் அந்தச் சிறுவனைக் கரும்பலகைக்கு அழைக்கிறார். உடனே சாதி இந்துப் பையன்கள் எழுந்து ஓடுகிறார்கள். கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சோற்றுப் பாத்திரங்களை இவன் நிழல் படுவதற்குள் எடுத்து எறிகிறார்கள். அதன் பிறகுதான் அவர் கணக்கைப் போட முடிந்தது. பின்னாளில் கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்து, 1923இல் ரூபாயின் பிரச்சினையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் அவர். கரும்பலகைக்குப் போகிற அந்த நாலு அடி தூரம் நமக்கு எப்போதுமே சும்மா கிடைத்ததில்லை.

*

இப்போது கணக்குக்கு வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள். நமக்குக் கணக்கு வராது என்று சொன்னவர்களுக்குப் பதில் கணக்குக்குள்ளேதான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பின்னம் நாலு படியாக வருகிறது. முதல் படியில் அது ஒரு துண்டு. இட்லியில் பாதி, பழத்தில் கால். இந்தப் படியில் யாரும் தடுக்கி விழுவதில்லை. சேரிப் பிள்ளைக்குப் பங்கு போடத் தெரியாது என்று எவனும் சொல்ல முடியாது. ஒரு முட்டையை மூணு பேருக்குப் பிரிப்பது எப்படி என்று அவனுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

இரண்டாவது படியில் பின்னம் ஒரு எண் ஆகிறது. அரை என்பது பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் நிற்கிற ஒரு எண். இங்கேதான் முதல் சறுக்கல். நாலை விட எட்டு பெரிசு, அதனால் காலை விட எட்டில் ஒன்று பெரிசு என்று பிள்ளை நினைக்கிறது. அதுவரை படித்த முழு எண்களின் பழக்கம் அதை இழுக்கிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்கிறது. மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவே ஒரு கோடு என்று பார்க்கிறதே தவிர, மூன்றும் சேர்ந்து ஒரே எண் என்று அதற்கு யாரும் காட்டவில்லை.

மூன்றாவது படியில் பின்னம் ஒரு உறவு ஆகிறது. விகிதம், சதவீதம், வட்டி எல்லாம் இங்கேதான். ‘பாதி’ என்று சொன்னால் போதாது, ‘எதில் பாதி?’ என்று கேட்கவேண்டும். நூறு ரூபாயில் பாதியும் ஆயிரம் ரூபாயில் பாதியும் ஒன்றல்ல. சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம் இது. சொல்லிக் கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் அவன் ஏமாறுகிற விஷயமும் இதுதான்.

நாலாவது படி இயற்கணிதம். ‘எதில்?’ என்கிற கேள்விக்குப் பதில் தெரியாதபோது அந்த முழுசுக்கு ஒரு எழுத்தைப் பெயராக வைக்கிறோம். எக்ஸ். எக்ஸில் பாதி, எக்ஸில் மூன்றில் ஒன்று, இரண்டையும் கூட்டு என்கிறார்கள். ஆறாம் வகுப்பில் அறிமுகமாகிற இந்த எழுத்து பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவை என்கிற பெயரில் பெரிய உருவம் எடுத்து நிற்கிறது. அப்போதும் உள்ளே இருப்பது அதே பின்னம்தான். மேலேயும் கீழேயும் எண்ணுக்குப் பதில் எழுத்து. மீச்சிறு பொது மடங்கு எதற்காக எடுக்கிறோம் என்று ஆறாம் வகுப்பில் புரிந்த பிள்ளைக்கு இது பழைய கணக்கு. புரியாமல் மனப்பாடம் பண்ணிய பிள்ளைக்கு இது சுவர்.

‘மேல ரெண்டு, கீழ ரெண்டு, அடிச்சிரு’ என்று வகுப்பில் சொல்வார்கள். பிள்ளை அடித்துப் பழகுகிறது. பத்தாம் வகுப்பில் எக்ஸ் கூட்டல் இரண்டின் கீழ் இரண்டு என்று வரும். பிள்ளை மேலே ஒரு இரண்டையும் கீழே ஒரு இரண்டையும் அடித்துவிட்டு, விடை எக்ஸ் என்று எழுதும். தப்பு. ஏன் தப்பு என்று அதற்குத் தெரியாது. 16/64இல் மேலே ஒரு ஆறையும் கீழே ஒரு ஆறையும் அடித்தால் 1/4 வரும். அது சரியான விடை! ஆனால் வழி தப்பு. எந்தக் காரணத்துக்காக அடிக்கிறோம் என்று சொல்லாமல் அடிக்கச் சொன்னால், பிள்ளைக்குக் கணக்கு என்பது சூதாட்டம் ஆகிவிடுகிறது. சில நேரம் விழும், சில நேரம் விழாது. விழாத நாளில் டீச்சர் சொன்னது ஞாபகம் வரும்: நமக்குக் கணக்கு வராது.

சரி, இந்தச் சறுக்கல் நம் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? இங்கேதான் நான் தோழர்களை நிறுத்திக் கேட்கச் சொல்கிறேன். 1978இல் அமெரிக்காவில் நாடு தழுவிய ஒரு தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். 12/13ஐயும் 7/8ஐயும் கூட்டினால் உத்தேசமாக எவ்வளவு? 1, 2, 19, 21 என்று நாலு விடை கொடுத்தார்கள். இரண்டு பின்னமும் ஏறக்குறைய ஒன்று. எனவே விடை 2. சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 என்றோ 21 என்றோ குறித்தார்கள். மேலே இருந்ததைக் கூட்டினால் 19, கீழே இருந்ததைக் கூட்டினால் 21.

வெள்ளைக்காரப் பிள்ளையும் அதே குழியில்தான் விழுந்திருக்கிறது. என் அக்கா மகள் விழுந்த குழி அது. பின்னம் எல்லோருக்கும் கஷ்டம். பார்ப்பனப் பிள்ளைக்கும் கஷ்டம், கவுண்டர் வீட்டுப் பிள்ளைக்கும் கஷ்டம். வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த வீட்டுப் பிள்ளை தப்பு விட்டால் ‘கவனமில்லை’ என்று சொல்லி டியூசனுக்கு அனுப்புகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை அதே தப்பை விட்டால் ‘வராது’ என்று சொல்லிப் பின்பெஞ்சுக்கு அனுப்புகிறார்கள். அவனுடையது பிழை, நம்முடையது பிறப்பு. இதுதான் கணக்கு வகுப்பில் சாதி வேலை செய்கிற முறை.

இதை ஒரு சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. ராபர்ட் சீக்லர் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த விவரங்களை வைத்து 2012இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளைக்குப் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரியும் என்பதை வைத்து, பதினாறு வயதுவாக்கில் இயற்கணிதத்தில் அந்தப் பிள்ளை எங்கே நிற்கும் என்று சொல்ல முடிகிறது. குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு, பொதுவான புத்தித் திறன் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் இது நிற்கிறது. ஐந்தாம் ஆறாம் வகுப்பில் பின்னத்தை விட்டவன் பத்தாம் வகுப்பில் விழுவான் என்பது ஜோசியம் இல்லை என்று அர்த்தம்.

நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்துவதில்லை. அது சரியான முடிவு. 5, 8ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வைக்கப் பார்த்தபோது நாம் எதிர்த்தோம். 2020இல் அரசு அதைக் கைவிட்டது. ஆனால் நிறுத்தாமல் அனுப்பினால் மட்டும் போதாது, சொல்லிக்கொடுத்து அனுப்பவேண்டும் என்று நாம் சேர்த்துக் கேட்கவில்லை. 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது, 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. நல்லதுதான். ஆனால் எண்ணும் எழுத்தும் அடி வகுப்புகளுக்கானது. பின்னம் கழுத்தைப் பிடிப்பது அதற்கு மேலே, ஆறிலும் ஏழிலும்.

*

என் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. எங்கள் அப்பன் விசைத்தறி ஓட்டினார். முன்பணம் வாங்கியிருந்ததால் வேறு பட்டறைக்குப் போக முடியாது. சனிக்கிழமை கூலி. முன்பணத்துக்குப் பிடித்தது போக மீதியை வாங்கிக்கொண்டு வருவார். பிடித்தது எவ்வளவு, தீர்ந்தது எவ்வளவு என்பது முதலாளியின் நோட்டில் இருந்தது. அப்பனுக்கு அந்த நோட்டைப் படிக்கத் தெரியாது. அதனால் அக்கா வீட்டில் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தாள், தலைக்குள்.

240 மீட்டர் ஓடியிருக்கிறது, மீட்டருக்கு முப்பத்தேழரை பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா தார் சுத்திக்கொண்டே சொல்வாள்: ‘கால் ரூவான்னா அறுவது. அதுல பாதி முப்பது. தொண்ணூறு.’ முப்பத்தேழரை பைசா என்பது கால் ரூபாயும் அரைக்கால் ரூபாயும் சேர்ந்தது என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. 240ஐக் காலால் பெருக்கி, அரைக்காலால் பெருக்கி, இரண்டையும் கூட்டலாம் என்று யார் சொன்னது? அதற்குப் பாடப்புத்தகத்தில் பங்கீட்டுப் பண்பு என்று பெயர். இயற்கணிதத்தின் அஸ்திவாரமே அதுதான்.

அதே அக்கா பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் 31 மார்க் வாங்கினாள். நாலு மார்க்கில் போயிற்று. வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். விட்ட கேள்விகளைச் சுழித்திருந்தாள். நான் காலேஜ் போன பிறகு அதை எடுத்துப் பார்த்தேன். சுழித்த ஒரு கணக்குக்குள்ளே எக்ஸின் கீழ் நாலு கூட்டல் எக்ஸின் கீழ் எட்டு என்று இருந்தது. காலும் அரைக்காலும்! எக்ஸ் என்பது அப்பன் ஓட்டிய மீட்டர் என்று ஒரே ஒரு ஆள் அவளிடம் சொல்லியிருந்தால் போதும். வாராவாரம் போட்ட கணக்கை அவள் வெற்றுத் தாளாக விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மூணு வருசம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி மில்லுக்கு ஆள் பிடித்த காலம் அது. அக்கா மில்லுக்குப் போனாள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. பிரேசில் நாட்டில் ரெசிஃபி நகரத்துத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து சிறுவர்களிடம் தெரெசின்யா நூனெஸும் அவருடைய தோழர்களும் 1985இல் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. கடையில் வாங்குகிற மாதிரிக் கேட்டபோது அந்தப் பிள்ளைகள் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைத் தாளில் பள்ளிக்கூட மாதிரி கொடுத்தபோது 37தான் சரி. 2025இல் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் மற்றவர்களும் கல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்கிற பிள்ளைகளிடம் இதையே பார்த்தார்கள். சந்தைப் பிள்ளைக்குத் தாள் கணக்கு ஏறவில்லை; பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சந்தைக் கணக்கு ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவே பாலம் போடவேண்டியது யார்? பிள்ளையா?

இந்த இடத்தில் தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று 320இல் ஒரு பங்கு வரைக்கும், அதற்கும் கீழேயும் தமிழன் பெயர் வைத்திருந்தான் என்று மேடையில் பட்டியல் வாசிக்கிறார்கள். உண்மைதான், வைத்திருந்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியாக மனப்பாடம் பண்ணினான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு 2022இல் வெளிவந்த தமது நூலில் இதையெல்லாம் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆனால் எங்க பாட்டன் எந்தத் திண்ணையில் ஏறினார்? நிலம் அளக்கையில் கோலைப் பிடித்து வெயிலில் நடந்தது நம்மாள். எழுத்தாணி பிடித்தது கணக்குப்பிள்ளை. அளந்தவனுக்கு நிலமும் இல்லை, எழுத்தும் இல்லை. முந்திரி வரைக்கும் பங்கு பிரிக்கத் தெரிந்த சமூகம், நம்மைப் பங்கில் சேர்க்கவில்லை. அந்தப் பெயர்களை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம்.

*

பின்னம் தெரியாததால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு மூன்று உதாரணம்.

ஒன்று வட்டி. வங்கியில் நகைக்கடன் வருசத்துக்கு நூற்றுக்கு ஒன்பது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் தண்டல்காரன் ‘மூணு வட்டி’ என்கிறான். ஒன்பதை விட மூணு சின்னது. நம் பெண்கள் மூணு வட்டிக்குப் போகிறார்கள். அது மாசத்துக்கு மூணு. பத்தாயிரம் வாங்கினால் வங்கிக்கு வருசம் 900 ரூபாய், அவனுக்கு 3,600 ரூபாய். நாலு மடங்கு. ‘எந்தக் காலத்துக்கு மூணு?’ என்று கேட்கத் தெரிந்தால் போதும். கவுண்டரில் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. (வங்கி நம்மாட்களுக்கு எவ்வளவு சுலபமாகக் கடன் தருகிறது என்பது தனிக்கதை. அதை இன்னொரு இதழில் எழுதுகிறேன்.)

இரண்டு கூலி. 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேசி, கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்களுக்குச் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் உயர்வு என்று முடித்தார்கள். அது கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. ஊரே சதவீதம் பேசியது. தறி வைத்திருப்பவருக்கு ஏறுவது அந்தச் சதவீதம். அவரிடம் கூலிக்குத் தறி ஓட்டுகிற நம்மாளுக்கு அதில் எத்தனையில் ஒரு பங்கு? அதை எந்த ஒப்பந்தத்தில் எழுதினார்கள்? டீக்கடையில் நான் இதைக் கேட்டபோது, தறி ஓட்டுகிற ஒரு பெரியவர், ‘அதெல்லாம் மொதலாளி பார்த்துக் குடுக்கறதுதானுங்க’ என்றார். எதில் எவ்வளவு என்று கேட்கத் தெரியாதவனுக்குப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

மூன்றாவது நம் சொந்த உள் ஒதுக்கீடு. 2009இல் வந்த அருந்ததியர் சட்டம். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று 6க்கு 1 என்ற பெரும்பான்மையில் சொன்னது. அன்றைக்கு ராத்திரி இனிப்பு கொடுத்தோம். அப்போது ஒரு தோழர், பட்டதாரி, என்னிடம் கேட்டார்: ‘பதினெட்டுல மூணு சதவீதம்னா அரை சதவீதம்தானே வருது தோழர்? இதுக்கா இத்தனை கொண்டாட்டம்?’ அவர் 18இன் மேல் மூன்று சதவீதம் போட்டுவிட்டார். அது 0.54. நாம் பேசுவது நூறில் மூன்று, அதாவது பதினெட்டில் மூன்று, ஆறில் ஒரு பங்கு.

இதைச் சொல்லிவிட்டுச் சட்டத்தின் வாசகத்தை எடுத்துக் காட்டினேன். அதில் மூன்று என்று இல்லை. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய இடங்களில் 16 சதவீதம் என்று இருக்கிறது. ஆறில் ஒரு பங்கு என்பது பதினாறே முக்கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 16 என்று எழுதினால் 18இல் அது 2.88. மேடையில் மூன்று, காகிதத்தில் 2.88. இந்த 0.12 நடைமுறையில் எங்கே போய் நிற்கிறது என்று ஒவ்வொரு நியமனப் பட்டியலிலும் பார்க்கவேண்டியது நம் வேலை. பார்ப்பதற்கு நம்மில் எத்தனை பேர் தயார்?

இட ஒதுக்கீடு கதவைத் திறக்கும். வங்கி எழுத்தர் முதனிலைத் தேர்வில் கணக்குக்கு மட்டும் 35 கேள்வி. பெரும்பாலும் பின்னமும் விகிதமும் சதவீதமும் அவற்றின் வேசங்களும்தான். நான் மூன்றாவது தடவைதான் தேறினேன். இரண்டு தடவை என்னைத் தோற்கடித்தது நாலாம் வகுப்புக் கொய்யாப்பழம்.

*

‘நிலம் இருக்கு, வன்கொடுமை இருக்கு, மலக்குழிச் சாவு இருக்கு. பின்னமா இப்ப முக்கியம்?’ என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு ராபர்ட் மோசஸ் என்கிற கறுப்பினத் தோழரைப் பற்றிச் சொன்னேன்.

1960களில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கிற போராட்டத்தில் அடிபட்டுச் சிறை போனவர் மோசஸ். அங்கே வாக்குரிமையை மறுக்க எழுத்தறிவுச் சோதனையை ஆயுதமாக வைத்திருந்தார்கள். முதலில் படிக்க விடாமல் தடுப்பது, பிறகு படிக்கவில்லை என்று ஓட்டை மறுப்பது. மோசஸ் பிறகு சில வருசம் தான்சானியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தார். 1982இல் அமெரிக்காவில் அல்ஜீப்ரா திட்டம் என்கிற இயக்கத்தைத் தொடங்கினார். சொந்த மகளின் பள்ளிக்கூடத்திலிருந்துதான் தொடங்கினார். அன்றைக்கு வாக்குரிமை எப்படியோ இன்றைக்கு இயற்கணிதம் அப்படி, அது இல்லாதவனுக்குப் பொருளாதாரத்தில் குடியுரிமை இல்லை என்பது அவர் வாதம். 2021இல் காலமாகும் வரை அதே வேலையாக இருந்தார். அவரை யாரும் போராட்டத்தை விட்டு வாத்தியார் வேலைக்குப் போனவர் என்று சொல்லவில்லை.

அவருடைய முறை நமக்கு உபயோகப்படும். பிள்ளைகளை முதலில் ரயிலில் கூட்டிக்கொண்டு போவார். பிறகு அந்தப் பயணத்தைப் படமாக வரையச் சொல்வார். பிறகு வீட்டில் பேசுகிற பேச்சிலேயே அதைச் சொல்லச் சொல்வார். அதன் பிறகு அந்தப் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்குப் பேச்சாக மாற்றுவார். கடைசியில்தான் குறியீடு. நம் பள்ளிக்கூடங்களில் கடைசியில் வரவேண்டியது முதலில் வருகிறது. வீட்டுப் பேச்சு வரவே வருவதில்லை, வந்தால் சிரிக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை அதைத்தான் செய்து பார்த்தேன். ஒரு மீட்டர் காடாத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா மகளிடம் கொடுத்து, பாதியாகவும் மடிக்க வரணும், மூணாகவும் மடிக்க வரணும், எத்தனை மடிப்பு போடலாம் என்று கேட்டேன். நாலு போட்டுப் பார்த்தாள், மூணு சரியாக வரவில்லை. ஆறு போட்டாள். பாதிக்கு மூணு மடிப்பு, மூணில் ஒன்றுக்கு ரெண்டு மடிப்பு. ‘அஞ்சு மடிப்புங்க மாமா. ஆறுல அஞ்சு.’ மீச்சிறு பொது மடங்கு என்கிற வார்த்தையை நான் அதன் பிறகுதான் சொன்னேன். பாவு என்கிற என் கதையையும் சொன்னேன். சிரித்தாள். இந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

‘துணி ஒரு மீட்டர் இல்லாம எத்தனை மீட்டர்னே தெரியலைன்னா?’ என்று கேட்டேன். ‘அப்பவும் ஆறு மடிப்புதானுங்களே’ என்றாள். அந்தத் தெரியாத நீளத்துக்கு எக்ஸ் என்று பெயர் வைத்து, எக்ஸின் கீழ் இரண்டு, எக்ஸின் கீழ் மூன்று என்று எழுதிக் காட்டினேன். விடையை அவளே எழுதினாள். ஐந்து எக்ஸின் கீழ் ஆறு. ஒரு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் கழித்தலில் மறுபடி விழுந்தாள். ஆனால் ‘வராது’ என்று சொல்லவில்லை. ‘இது எங்க தப்பாச்சுன்னு பாருங்க மாமா’ என்று கேட்டாள்.

நம் இயக்கத்தில் கிளை இருக்கிற ஒவ்வொரு ஊரிலும் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் கணக்கு வகுப்பு நடத்தவேண்டும் என்று முன்மொழிகிறேன். ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு, பின்னத்திலிருந்து எக்ஸ் வரைக்கும். சொல்லிக் கொடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம், பிள்ளையின் பேச்சைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கிற மனசு வேண்டும். அரசிடமும் கேட்போம்: நடுநிலைப் பள்ளிகளில் கணக்குக்குத் தனி ஆசிரியர், பின்னத்துக்குக் கூடுதல் வகுப்பு, பிள்ளையின் சாதியைச் சொல்லி மட்டம் தட்டுகிற ஆசிரியர் மீது நடவடிக்கை. கேட்டு வாங்கும் வரைக்கும் நாம் உட்கார்ந்திருக்கக் கூடாது.

கவிதை கேட்டு எழுதும் தோழர்களுக்கு: ரெண்டு மாசம் பொறுங்கள். சனிக்கிழமைகளில் எனக்கு நேரமில்லை. சோமனூர்ப் பக்கம் வருகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சமுதாயக் கூடத்துக்கு வாருங்கள். வரும்போது மாலை, சால்வை எதுவும் வேண்டாம். ஒரு மீட்டர் காடாத் துணி கொண்டுவந்தால் போதும்.